ஜன்னல் சாத்துகிற வேலை

மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது மாநிலக் காற்று, நீர் காப்பு முகமை. அது எப்படிப் பிறந்தது என்று அங்கே கூட்டிப் பெருக்கும் புஷ்பவள்ளிக்குத் தெரியும்.

அப்போது இடைத்தேர்தல். தெற்கே முதுநகருக்கு அப்பால் இருக்கும் அவளுடைய காலனிக்காரர்கள் ரசாயன ஆலையின் நாற்றம் தாங்காமல், ஓட்டுப் போட மாட்டோம் என்று வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி கட்டினார்கள். முதல் கொடி புஷ்பவள்ளியின் பழைய கறுப்புப் பாவாடை. ஆளுங்கட்சி வேட்பாளர் பிரசார வேனிலிருந்து இறங்காமலே, இதைக் கவனிக்க ஒரு முகமை வரும் என்று அறிவித்தார். கொடியை அவிழ்த்தார்கள், ஓட்டுப் போட்டார்கள், அவர் ஜெயித்தார். சொன்னபடி முகமையும் வந்தது, புஷ்பவள்ளிக்கு அதில் தற்காலிக வேலையும் வந்தது. ஆலையை மூடும் அதிகாரம் மட்டும் வரவில்லை. விசாரிக்கலாம், அவ்வளவுதான். விசாரிக்க ஆள் போவதற்குள் காற்று திரும்பிவிடும்.

அந்தப் பாவாடைத் துணியால்தான் இப்போது ஆபீசில் மேசை துடைக்கிறாள்.

இன்று மத்தியானம் தெற்குக் காற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

"புஷ்பா, ஜன்னல சாத்தும்மா," என்றார் அதிகாரி, ஃபைலிலிருந்து தலை நிமிராமல்.

சாத்திக்கொண்டிருக்கும்போதே செல்போன் அடித்தது. காலனியிலிருந்து நாத்தனார் பவானி.

"அண்ணி, இங்க மூச்சு வுட முடியல. ஒங்க ஆபீசுல கொஞ்சம் சொல்லுங்க."

"சொல்றேன் பவானி. இப்போதைக்கு நீ ஜன்னல சாத்திக்க."

"சாத்திட்டுதான் பேசுறேன் அண்ணி."