பவளத் தொட்டியில் வைத்த கை

முதலில் அதைக் கத்தரிக்கோல் காய்ப்பு என்றுதான் நினைத்தேன். வலது கை நடுவிரலின் கணுவுக்கு மேலே, துவரம்பருப்பு அளவில் ஒரு தடிப்பு. வலி இல்லை. தையல்காரியின் விரலில் காய்ப்பு வருவது புதிதா என்ன? துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

காய்ப்பு என்றால் காய்ந்து கெட்டியாக வேண்டும். இது சிவந்தது, ஊதாவாக மாறியது, பிறகு கசிந்தது. வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு பொட்டு விழுந்த அன்றுதான் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. போர்ட் பிளேரில் அபர்டீன் பஜாரின் இறக்கத்தில் என் கடை இருந்தது. நானும் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர் துறைமுகப் படகுகளில் இன்ஜின் பழுது பார்ப்பவர். கடையின் முகப்பில் அவர் எனக்காகச் செய்து வைத்த பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. படாக் என்ற அந்தமான் மரத்தின் சட்டத்தில் பழைய ஷோகேஸ் கண்ணாடிகளைப் பொருத்தி, விளிம்புகளைத் தார் வைத்து அடைத்திருந்தார். நான் கையை விட்டால் முழங்கை நனையும் ஆழம்.

உள்ளே உயிருள்ள பவளக் கற்கள், பூப்போல விரிந்து சுருங்கும் கடல் சாமந்திகள், அவற்றுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள். வேலை முடிந்து வரும்போது அவர் டின்களில் புதுக் கடல்நீர் கொண்டு வருவார். அளவு கொடுக்க வரும் பெண்கள் பிள்ளைகளைத் தொட்டியின் முன் நிறுத்திவிட்டு நிம்மதியாக நிற்பார்கள். பஜாரில் எனக்கு ‘மச்லிவாலி டெய்லர்’ என்றே பெயர். மீன்காரத் தையல்காரி.

தொட்டியைச் சுத்தம் செய்வது நான். கண்ணாடியில் படியும் பாசியை வெறுங்கையால்தான் சுரண்டுவேன். ஊசி குத்திய விரல், பவளக்கல் கீறிய விரல் என்று பார்த்ததில்லை.

விரலுக்குப் பிறகு புறங்கையில் ஒரு கட்டி வந்தது. அதன்பின் மணிக்கட்டில், முன்கையில் என்று ஜெபமாலை மணிகளைப்போல வரிசையாக ஏறின. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பெரிய டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் கையைத் தொட்டு, “மாலும் ஹோதா ஹை? தெரியுதா?” என்று கேட்டார். தெரிகிறது என்றேன். அதே இடத்தை மறுபடி தொட்டார். மறுபடி கேட்டார். நான் பொய் சொல்வதாக அவர் நினைக்கிறார் என்று பட்டது. கேட்கக் கேட்க எனக்கே குழப்பம் வந்துவிட்டது. பஞ்சு பட்டதா, பட்டதாக நானே நினைத்துக்கொண்டேனா?

பிறகு தோல் கீறல் பரிசோதனை (தோலை மெல்லக் கீறி, கசியும் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டுப் பார்ப்பது) செய்தார்கள். அதன் முடிவை என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைத் தனியே நடைவழிக்கு அழைத்துப்போனார்கள். கதவிடுக்கில் டாக்டரின் வாய் அசைவதும் இவர் தலை குனிவதும் தெரிந்தன. திரும்பி வந்தவர், “சாதாரணப் புண்ணுதானாம், ஆறிரும்” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த நாள் என் தம்ளர் மட்டும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. தவறுதலாக வைத்திருப்பார் என்று மேலே எடுத்து வைத்தேன். மறுநாள் அது திரும்பவும் கீழே இருந்தது. ஒரு வீட்டில் இருவர் பேசாமலே ஒரு தம்ளரை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தோம்.

கண்ணாடித் துண்டில் சிவப்புக் குச்சி போன்ற கிருமிகள் தெரிந்தன என்பதும், அது தொழுநோய் என்று பெரிய டாக்டர் முடிவு கட்டினார் என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரியும். ஆனால் பஜாருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. குமாஸ்தா வீட்டுக் கமலா, கொடுத்திருந்த ரவிக்கைத் துணியை வெட்டும் முன்பே வாங்க வந்தார்.

“அவசரமில்லீங்க டெய்லரம்மா. ஊருக்குப் போறப்ப தச்சுக்கறேன்.”

துணியை மேசையில் வைக்கச் சொல்லி, அங்கிருந்து எடுத்துக்கொண்டார். யார் சொல்லியிருப்பார்கள்? கம்பவுண்டரா, பக்கத்து வளையல் கடைக்காரரா, இவரேவா? அந்த நாட்களில் யார் இருமினாலும் எனக்கு ஒரு அர்த்தம் தெரிந்தது. பிள்ளைகள் தொட்டிக்கு முன்னால் நிற்பதும் நின்றுபோனது. மீன்கள் மட்டும் என் நிழல் விழுந்ததும் கண்ணாடிக்கு ஓடிவந்தன. நானும் அவற்றுக்குக் கையாலேயே இரை போட்டேன். நோய் குடியிருந்த வீட்டுக்கே நாள்தோறும் போய்வந்து கொண்டிருக்கிறேன் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கப்பல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி வாசலில் நின்றபடியே கேட்டார்: “மெயின்லேண்ட் போறீங்களாமே? உங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு பெர்த்துக்குச் சொல்லி வச்சிருக்காராம். தனியாவா போறீங்க?”

அன்று என் வீட்டுக்காரர் டின்களோடு உள்ளே நுழைந்ததும் கேட்டேன்.

“அந்தப் பெர்த்து யாருக்கு?”

டின்களை மெதுவாகக் கீழே வைத்தார். “உனக்குத்தான். அண்ணன் வீட்டுல இருந்து வைத்தியம் பாத்தா நல்லதுன்னு நெனச்சேன்.”

“நீங்க வரலியா?”

“லீவு கெடைக்காதுல்லா.”

“லீவு கேட்டீயளா?”

தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூட மறந்து திண்டாடி நின்றார். கடைசியில், “எனக்குப் பயமா இருக்கு, பிலோமினா” என்றார். அந்த ஒரு சொல்லையாவது நான் நம்பினேன்.

அது தொழுநோயாகவே இருந்திருந்தாலும் அதற்கு மருந்து இருந்தது. எங்களிடம் இல்லாதது மருந்தைப் பற்றிய நம்பிக்கை. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது ஒரு தம்ளர் தனியாக வைக்கப்பட்டிருந்தால், தயவுசெய்து அதை எடுத்து மற்றவற்றோடு வையுங்கள்.

கப்பல் கிளம்பும் முன் கட்டு மாற்றுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக வந்திருந்த மலையாளி டாக்டர் கட்டை அவிழ்த்தார். கட்டிகள் ஏறிய வரிசையை வெகுநேரம் பார்த்தார். பஞ்சை எடுக்கவில்லை. “சேச்சி, இந்தக் கையை எங்கெல்லாம் வைப்பீங்க?” என்றார். இப்படி யாரும் கேட்டதில்லை. துணி, சமையல், மீன் தொட்டி என்று சொன்னேன். தொட்டி என்றதும் நிமிர்ந்தார்.

பயாப்ஸி (கட்டியிலிருந்து சதைத் துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்து மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதுவரை பயணம் வேண்டாம் என்றார். அவரையும் நான் நம்பவில்லை. ஒரு மாலை அவர் கடைக்கு வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது, வாடிக்கையாளர் வருகிறார்களா என்று வேவு பார்க்க வந்திருப்பதாகவே நினைத்தேன்.

பெர்த்தை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக இவர் சொன்னார். கப்பல் சங்கூதிவிட்டு வளைகுடாவைத் தாண்டும்வரை அதையும் நான் நம்பவில்லை.

முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. டாக்டர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார்.

“குஷ்டமில்லை. உறப்பா, நிச்சயமாச் சொல்றேன். இது கடல் தண்ணீரில், மீன் தொட்டியில் இருக்கிற கிருமி. தொழுநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன். அதுதான் கண்ணாடியில் ஒண்ணுபோலத் தெரிஞ்சது. இது ஆளுக்கு ஆள் ஒட்டாது.”

உடம்பின் உட்சூட்டில் அது சரியாக வளராதாம். குளிர்ச்சியான விரலிலும் கையிலும்தான் தங்குமாம். என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். நானோ, என்னைச் சமாதானப்படுத்தச் சேர்ந்து பேசி வைத்த கதையோ என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

காசநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளைத்தான் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் (கிருமி கொல்லும் சிவப்பு மாத்திரை) சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூடச் செம்மஞ்சளாகும். முன்பே சொல்லியிருந்தும், கைக்குட்டையில் அந்த நிறத்தைப் பார்த்தபோது உள்ளுக்குள் ரத்தம் கசிவதாகப் பயந்தேன். எத்தாம்பூட்டால் (அதோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரை) கண்ணைத் தாக்கினால் சிவப்பும் பச்சையும் மங்கும் என்றார்கள். காலையில் எழுந்ததும் நூல்கண்டுகளைக் கலந்துபோட்டுப் பிரித்துப் பார்ப்பேன். பிறகு வெந்நீரில் கையை முக்கிவைப்பேன். கட்டிகள் வந்த வேகத்தில் போகவில்லை. ஒன்று அமுங்கினால், இன்னொன்று உள்ளே இருக்கிறதோ என்று தடவிக்கொண்டே இருந்தேன்.

தொட்டியை அப்புறப்படுத்துங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் சம்மட்டியே எடுத்து வந்துவிட்டார். குற்றவாளி கிடைத்துவிட்ட வேகம் அவர் கையில் தெரிந்தது. பெர்த் விஷயத்தையும் அந்தக் கண்ணாடியோடு சேர்த்து உடைத்துவிடப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

“ஒடைக்காதீய. உள்ள உசுரு இருக்கு.”

“இன்னுமா அதுங்க மேல ஒனக்குப் பாசம்?”

“வியாதின்னதும் தூக்கி எறியறது எனக்கு ஒத்துக்கலை.”

சம்மட்டி கீழே இறங்கியது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அவரும் அவருடைய கூட்டாளி ஒருவரும் மீன்களையும் கற்களையும் அண்டாக்களில் மாற்றினார்கள். எல்லாவற்றையும் கடலில் விடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னேன். கிருமி அங்கிருந்து வந்ததுதானே, விடலாம் என்றாராம். நீர் ஏறும் நேரத்தில் படகில் போய், எடுத்த பாறைப் பக்கமே இறக்கிவிட்டார்கள். நான் கையில் கட்டோடு கரையில் நின்றேன். அவர் குனிந்து ஒவ்வொரு கல்லையும் நிமிர்த்தி வைப்பதைப் பார்த்தேன். அன்றுதான் அவரைக் கொஞ்சம் நம்பத் தோன்றியது.

ஒரு கடல் சாமந்தி, இரண்டு கோமாளி மீன்கள், ஒரே ஒரு கல். இவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டேன். கப்பல் சாமான் விற்பவரிடம் வாங்கிய பழைய பேட்டரிக் கண்ணாடி ஜாடி, இரண்டு கையால் தூக்கக்கூடிய அளவு. நன்றாக ஊறவைத்துக் கழுவி அதில் விட்டோம். பாசியை மூங்கில் குச்சியில் துணி சுற்றித் தேய்ப்பது இப்போது அவர் வேலை. கையுறை இல்லாமல் தொட மாட்டார். நான் பக்கத்தில் நின்று கவனிப்பேன்.

சின்ன ஜாடியில் தண்ணீர் சீக்கிரம் கெடும். சூடு சீக்கிரம் ஏறும். பெரிய தொட்டி பொறுத்துக்கொண்டதையெல்லாம் இது பொறுப்பதில்லை. ஒரு மீனின் செவுள் வேகமாக அசைந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். என் கையையும் அப்படித்தான் பார்க்கிறேன். கொசு கடித்த தடிப்பை மூன்று வாரம் நம்ப மாட்டேன்.

கமலா திரும்பி வந்தார். அளவு எடுக்க நாடாவைத் தோளில் வைத்தபோது அவர் உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. நாடாவின் குளிர்ச்சியா, என் விரலா? கேட்கவில்லை. ரவிக்கையைச் சரியாகத் தைத்துக் கொடுத்தேன்.

நடுவிரல் இன்று முழுதாக மடங்குவதில்லை. மழை பெய்யும் காலைகளில் மரக்கட்டைபோல நிற்கும். சூடான டீ கிளாசைச் சுற்றி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெல்ல இளகி, கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழையும் அளவுக்கு வளைந்த பிறகுதான் கடையைத் திறப்பேன். சில நாள் எட்டு மணிக்குத் திறப்பேன், சில நாள் பத்தாகிவிடும். வெளியே குடைகளோடு நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். நிற்கட்டும்.