உதயகலா வைக்காத சொதி

இணுவிலில் லான்ட்மாஸ்டர் பிடிக்கும் ஒரே பெண் உதயகலாதான். பெரிய உழவு இயந்திரம் நுழைய முடியாத ஒழுங்கைகளுக்குள்ளும் அந்த இரண்டு சக்கர இயந்திரம் புகுந்துவிடும். கணவரின் பழைய சேர்ட்டும் தொப்பியுமாக, கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி அவள் பின்னால் நடப்பாள். செம்மண்ணில் உழவுசால் நூல் பிடித்தது போல விழும். ஆனால் "பொம்பிளை பிடிச்சால் சால் கோணும்" என்றொரு கதை ஊருக்குள் அவளை முந்திக்கொண்டு ஓடியது. போன மாரியில் தன் காணியையும் தம்பியின் காணியையும் தவிர வேறெதுவும் உழக் கிடைக்கவில்லை. இந்த முறையும் அப்படித்தான் என்றால் இயந்திரத்தை விற்றுவிடுவதென்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'மாதர் முற்றம்' சஞ்சிகையிலிருந்து அழைப்பு வந்தது. இருபது வருடமாக அவள் ஒரு மாதமும் விடாமல் வாசிக்கும் சஞ்சிகை. அதில் போட்டிருந்தது என்று ஒருமுறை முகத்துக்குப் பப்பாப்பழம் பூசிக்கொண்டு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போய், இலையான் மொய்க்க ஓடி வந்தவள் அவள். அந்தச் சஞ்சிகையில் லான்ட்மாஸ்டரோடு தன் படமும் தொலைபேசி இலக்கமும் வந்தால் நாலு பேராவது உழவுக்குக் கூப்பிடமாட்டார்களா?

நிருபர் தக்சாயினி ஸ்கூட்டியில் வந்திறங்கினாள். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை.

"அக்கா, உழுகிற படத்தைப் பிறகு எடுப்பம். முதல் சேலை உடுத்துக்கொண்டு அடுப்படியிலை ஒண்டு. ஆசிரியர் அதைத்தான் கேப்பார்."

அடுப்படி உண்மையில் அவள் கணவர் கோபிசங்கருடையது. அவர் வீட்டிலேயே சமைத்து, கடைகளுக்கு நாற்பது மதியப் பார்சல் கொடுப்பவர். அப்போதும் அதைக் கொடுக்கத்தான் போயிருந்தார். படத்தில் விழாதபடி அவருடைய பெரிய அண்டாவை இரண்டு பெண்களுமாகத் தூக்கி மூலையில் வைத்தார்கள்.

"கணவருக்கு எது விருப்பமக்கா? அதை எப்பிடிச் செய்யிறனீங்கள்?"

சமைப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள் உதயகலா. இருபது வருடத்தில் அந்தச் சஞ்சிகையின் பேட்டிப் பக்கத்தில் வந்த வைத்தியர், அதிபர், பொலிஸ் அதிகாரி எல்லோருமே கடைசி வரியில், 'எத்தனை வேலை இருந்தாலும் என் கையால்தான் சமைப்பேன்' என்று சொன்னவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தான் மட்டும் குறைந்தவளாக நிற்பதா?

"சொதி," என்றாள். "வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, கொதிக்கேக்கை தேசிக்காய்ப் புளி விடவேணும்."

தக்சாயினி அப்படியே எழுதிக்கொண்டாள். அவளுக்கும் சமைக்கத் தெரியாது.

சஞ்சிகை வந்தது. முழுப் பக்கத்துக்கு, சேலையில், அகப்பையோடு உதயகலா. லான்ட்மாஸ்டரைக் காணவில்லை. 'ஓய்வு நேரத்தில் கணவருக்கு விவசாயத்திலும் உதவுகிறார்' என்று ஒரே ஒரு வரி. சொதிக் குறிப்புக்குக் கீழே அவளுடைய தொலைபேசி இலக்கம்.

கோபிசங்கர் இரண்டு தரம் வாசித்தார். "இஞ்சரும், நீர் எப்ப எனக்குச் சொதி வைச்சனீர்?"

"சும்மா இருங்கோப்பா."

"கொதிக்கேக்கை புளியோ? உது சொதியில்லையப்பா, தயிர்!" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உதயகலாவுக்கு மட்டும் அழுகை முட்டியது. முதல் மழை பெய்துவிட்டது. இன்னும் ஒருவரும் உழவுக்குக் கூப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"சொதி உதயகலாவோ? நான் உடுவிலிலையிருந்து பராசக்தி. பிள்ளை, மகளைப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு உம்மடை சொதியை வைச்சுத் தலைகுனிஞ்சு போனன். பால் திரைஞ்சு கட்டி கட்டியாப் போச்சு!"

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்களுக்குச் சொதி வைக்கத் தெரியாதே?"

"ஏன் தெரியாது? முப்பது வரியமா இறக்கிப்போட்டுத்தான் புளி விடுறனான். புத்தகத்திலை வேறை மாதிரிப் போட்டிருக்கே, இவ்வளவு காலமும் நான்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

உதயகலா அப்படியே முற்றத்தில் குந்திவிட்டாள். சஞ்சிகையை நம்பித் தன்னைக் குறைவாக நினைத்து, தானும் அதைத்தானே செய்தாள்!

"அக்கா, உண்மையைச் சொல்லுறன். நான் சமைக்கிறேல்லை. சமைக்கிறது அவர். நான் லான்ட்மாஸ்டரிலை உழுகிறனான்."

மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"அடி பாவி, அதையெல்லோ முதல் சொல்லியிருக்க வேணும்! ஆறு பரப்புக் காணி கிடக்கு. உழ வாறவன் ரண்டு கிழமையா நாளைக்கு நாளைக்கு எண்டு பேய்க்காட்டுறான். வருவீரோ?"

"ஓம் அக்கா. விடிய வாறன்."

அவள் உழுது முடித்ததும் பராசக்தி வரப்பில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உழவுசாலைப் பார்த்தார். "கோணுமெண்டவன் ஆரடி?" என்றவர், பக்கத்துக் காணிக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அதன்பிறகு சொதிக்காகத் திட்டத் தொலைபேசி எடுத்தவர்களில் ஒருவரையும் உதயகலா சும்மா விடவில்லை. புளிக்கு விளக்கம் சொல்லத் தொலைபேசியைக் கணவரிடம் கொடுப்பாள். திரும்ப வாங்கி, "உங்களிட்டை உழக் காணி ஏதும் கிடக்கோ?" என்பாள். தீபாவளிக்கு முன் பதினொரு காணி உழுதாயிற்று.

அடுத்த மாத இதழில், 'தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விடவும்' என்று ஒரு மூலையில் திருத்தம் வந்தது. உழவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தக்சாயினி மட்டும் தனியே தொலைபேசியில் எடுத்து மன்னிப்புக் கேட்டாள். "லான்ட்மாஸ்டரோடை ஒரு படம் எடுக்க வரட்டே அக்கா? போடுவினமோ தெரியாது, நான் சண்டை பிடிச்சுப் பாக்கிறன்."

"வாரும் பிள்ளை. ஆனா தோட்டத்துக்கு வாரும். சேலை உடுக்க எனக்கு நேரமில்லை."

வைத்த கையோடு திரும்பவும் தொலைபேசி அடித்தது. அடுப்படியிலிருந்து கோபிசங்கர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கோ, உமக்கோ?"

உதயகலா தொப்பியைத் தேடிக்கொண்டே, "எனக்கு," என்றாள்.