எதிர்க்கடைக்குப் போகும் வழி

பிளக்ஸ் கடை வைத்தவளுக்குத் தெரியாத இளவட்டம் ஊரில் இருக்க முடியாது. பிறந்தநாளோ பண்டிகையோ, மூஞ்சியைக் கொண்டுவந்து நம்மிடம்தான் கொடுக்கிறார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சொந்தங்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

பின்னால் ஒரு சிங்கம்

ராசிபுரத்தில் என் கடை. மாரியம்மன் பண்டிகைக்கு பிளக்ஸ் போட ஒரு கூட்டம் வந்தது. கீழே வட்டம் வட்டமாய் எல்லார் முகமும். நடுவே பிரவீன், பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். பின்னால் சிங்கம் வேறு வேண்டுமாம். சிங்கம் இருக்கட்டும், ஹெல்மெட் எங்கேடா என்றேன். முடியைக் கோதிக்கொண்டே சொன்னான்:

"ஹெல்மெட் போட்டா மூஞ்சி தெரியாதுங்க்கா. அப்பறம் எதுக்கு பிளக்ஸு?"

அதே படம்

தை மாசம் அதே கூட்டம் வந்தது, பிரவீன் இல்லாமல். நாமக்கல் ரோட்டில் அதே வித்தையைக் காட்டப்போய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். கண்ணீர் அஞ்சலிக்கு அதே படத்தை நீட்டினார்கள். முகம் மட்டும் போடுகிறேன், அந்த வண்டியை என் மிஷினில் அடிக்க மாட்டேன் என்றேன். கெஞ்சினார்கள், முறைத்தார்கள். நான் மசியவில்லை. ஒருவன் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தான்:

"கெத்தா வாழ்ந்தவனுங்க்கா. வண்டி இல்லாம எப்படி?"

நிற்கிற மாதிரி ஒன்று

எதிர்க்கடையில் அடித்ததை அவன் வீட்டுச் சந்து முனையிலேயே கட்டினார்கள், சிங்கத்தோடு. பிரவீனின் அம்மா தறிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். காரியம் முடிந்ததும் என்னிடம் வந்தார். மகனின் போன் முழுக்கத் தேடினோம், எல்லாமே வண்டிமேல் எடுத்த படம். முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டித்தான் அவனை நிற்க வைத்தேன். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான்:

"வண்டி இல்லாம எம்பையன் சும்மா நிக்கறாப்பல ஒண்ணு போட்டுக்குடுங்க சாமி."

கடை வாசலில்

அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அதையே பெரிதாக அடித்து, எதிர்க்கடையைப் பார்த்தாற்போல என் வாசலில் கட்டினேன். ஹெல்மெட் இல்லாத பைக் படம் இங்கே அடிக்கப்படாது என்று கண்ணாடியிலும் எழுதினேன். வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த வருசப் பண்டிகைக்கும் அதே கூட்டம். நடுவே பிரவீனின் தம்பி. அதே பைக்கைச் சரிபண்ணி, அதே முன்சக்கரத்தைத் தூக்கியிருக்கிறான். உங்கம்மா இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான்டா அழுதார், முடியாது போ என்றேன். எதிர்க்கடைக்குப் போகிறோம் என்றார்கள். தாராளமாய்ப் போங்கள், அவனைத் தாண்டித்தானே போகவேண்டும் என்றேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். தம்பி மட்டும் வாசலிலேயே நின்று கேட்டான்:

"எங்கண்ணன எப்பங்க்கா கழட்டுவீங்க?"

எதிர்க்கடைக்காரர் என் புண்ணியத்தில் நன்றாகவே பிழைக்கிறார், நானும் பிரவீனும்தான் இடத்தைவிட்டு அசைவதாய் இல்லை.