மெத்தைக்கடைக்குள் ஒரு கழிப்பறை

கண்ணாடி அக்காவைத் தெரியாதவர்கள் அந்த வணிக வளாகத்தில் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், தலையில் இடிக்கிற உயரத்தில் ஒரு குழல்விளக்கு. அவ்வளவுதான் அவள் கடை. போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டுவது தொழில். குமிழி ஒன்றுகூட விழாது. ஒட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணால் திட்டுவாள். ஒட்டி முடித்த பிறகு வாயால் திட்டுவாள்.

முன்பு அண்ணனுடைய செல்போன் கடையில் இருந்தாள். வேலை அவளுடையது, நாற்காலி அண்ணனுடையது. வருகிறவர்கள் அவள் கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே, "கடையில ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். ஒருநாள், "அப்ப நான் என்ன பொம்மையா?" என்று கேட்டுவிட்டாள். வந்தவர் கோபித்துக்கொண்டு போக, அதற்காக அண்ணன் அவளிடம் கோபித்துக்கொள்ள, அவள் மொத்தமாக எல்லோரிடமும் கோபித்துக்கொண்டு இந்தப் படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். அன்று முதல் அவளுக்கு அவளே முதலாளி. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, யார் வீட்டு அரிசியைத் தின்றுவிட்டாள்?

ஒரே ஒரு தொல்லை. வளாகத்தின் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது.

கட்டியதும் ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், கையோடு பூட்டினார்கள். சாவி வியாபாரிகள் சங்கத் தலைவரிடம். அவர் தரைத்தளத்தில் பெரிய மெத்தைக்கடை வைத்திருப்பவர். திறக்கச் சொன்னால், "பொம்பளைங்க யாருமே யூஸ் பண்றதில்லையேம்மா! சும்மா திறந்து போட்டு எதுக்கு நாறடிக்கணும்?" என்பார். யாரும் போவதில்லை என்பதால் பூட்டு, பூட்டியிருப்பதால் யாரும் போவதில்லை. இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு சங்கத் தேர்தலிலும் போட்டியில்லாமல் ஜெயித்தார். ஆண்கள் பக்கம் கதவே கிடையாது, அதனால் பூட்டுகிற பிரச்சினையும் இல்லை.

தையல்கடைப் பெண்களும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் தண்ணீரை மருந்துபோல மூடியில் ஊற்றிக் குடித்துப் பகலை ஓட்டினார்கள். கண்ணாடி அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்தது, போனது, காய்ச்சலோடு திரும்பி வந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஒண்ணு, நாள் பூரா தண்ணி குடி. இல்லையா, அந்தக் கடையை விடு. இப்படியே போனா கிட்னி போயிடும்."

அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. "நம்ம கடைக்கே வந்துடும்மா. இங்க பாத்ரூம் இருக்கு" என்றான். பாசமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிந்தது. ஒரு கழிப்பறைக்காக, கட்டிய கடையை மூட்டை கட்டிவிட்டு மறுபடி அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்பதா? யோசித்து யோசித்து அடுத்த மாதம் வரை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டாள். உடம்பு தள்ளிப்போடவில்லை.

இந்த நேரத்தில்தான் சாப்பாடு டெலிவரி செய்கிற ஒரு பெண், விரிசல் விட்ட போனை அவளிடம் நீட்டினாள். திரையில் மேப் திறந்திருந்தது. 'அருகில் பெண்கள் கழிப்பறை' என்று தேடியிருந்தாள். மேப் யோசித்து, வாஷ்பேசினும் குழாயும் விற்கிற ஒரு கடையைக் காட்டியிருந்தது.

"நாள் பூரா ரோட்டுலதான்க்கா. இதுல ஏதாவது காட்டும்னு பார்த்தா, இது நம்மளையே கிண்டல் பண்ணுது" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடி அக்கா அன்றே மேப்பைக் குடைந்தாள். விடுபட்ட இடத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று தெரிந்ததும் பூட்டிய கதவின் மேலேயே ஒரு புள்ளியைக் குத்தினாள். 'பெண்கள் கழிப்பறை.' அதை நம்பி ஒரு கர்ப்பிணி வந்தாள். பூட்டைப் பார்த்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து, இதை மேப்பில் போட்டவர்களின் பரம்பரையையே ஏசிவிட்டுப் போனாள். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

பூட்டிடம் அனுப்பி என்ன பயன்? சாவியிடம் அல்லவா அனுப்ப வேண்டும்! புள்ளியை இழுத்துக்கொண்டுபோய் மெத்தைக்கடையின் நட்ட நடுவில் வைத்தாள். கீழே எழுதினாள்: 'சாவி உள்ளே. கேட்டு வாங்கிக்கொள்ளவும்.' டெலிவரிப் பெண் அதைத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அங்கிருந்து நர்ஸுகள் குழுவுக்குப் போனது, கல்லூரிப் பெண்கள் குழுவுக்குப் போனது.

தலைவர் ஒரு புதுமணத் தம்பதிக்கு ஸ்பிரிங் மெத்தையின் சுகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவள் கையிலிருந்த போன், 'நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது' என்றது.

"அண்ணா, கழிப்பறை எந்தப் பக்கம்?"

"இது மெத்தைக்கடைம்மா!"

"மேப்புல இதுதான் கழிப்பறைன்னு இருக்கு."

புதுமாப்பிள்ளை மெத்தையிலிருந்து மெதுவாக எழுந்து நின்றார்.

அன்று தொடங்கியது ஓயவில்லை. பள்ளிக்கூட டீச்சர்கள் கும்பலாக வந்தார்கள். ஒரு பாட்டுக் குழு, வண்டியை நிறுத்திவிட்டு மொத்தமாக இறங்கியது. தலைவர் மூச்சிரைக்கப் படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்றார்.

"உன் வேலைதானே இது? மரியாதையா எடுத்துடு. இல்லே, உன் மேசையைத் தூக்கி ரோட்டுல போட்டுடுவேன்."

அந்த மேசை போனால் எல்லாம் போயிற்று. ஆனால் வாய் எப்போது அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"கதவைத் திறங்கண்ணே, புள்ளியை அங்க மாத்திடறேன். பூட்டியே வெச்சா, வர்றவங்க உங்ககிட்டதானே வரணும்?"

தலைவர் கடைக்குத் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் போன் நோண்டத் தெரிந்தவர் அவர் மனைவிதான், கடையில் கல்லாவில் உட்காருகிறவர். எல்லோருக்கும் முதலாளியம்மா. "அந்த இடம் இங்க இல்லைன்னு நீ ஒரு புகார் போடு" என்றார்.

முதலாளியம்மா போனைக் கையில் பிடித்தபடி நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். ஜெராக்ஸ் கடை ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் மேப் கேட்டுக்கொண்டிருந்தது: 'இந்த இடம் இங்கே இருக்கிறதா?'

"மாடி குடோன்ல ஒரு கக்கூஸ் இருக்கு. மூட்டை தூக்கறவங்க போறது. தாழ்ப்பாள் கிடையாது" என்றார் முதலாளியம்மா. "தினம் மத்தியானம் நான் வீட்டுக்குப் போறது சாப்பிடத்தான்னு அவர் நினைச்சிட்டிருக்கார். இத்தனை வருஷமா."

இந்த அம்மாவுக்கு என்ன குறை, மெத்தை மேல் மெத்தை என்று அக்காவும்தான் பேசியிருக்கிறாள்.

முதலாளியம்மா 'ஆம்' என்பதை அழுத்தினார். அழுத்திவிட்டு, "இனிமே வர்றவங்களை நானே அவர்கிட்ட கூட்டிட்டுப் போய் விடறேன்" என்று எழுந்து போனார்.

சொன்னபடியே செய்தார். இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கணவர் முன்னால் நிறுத்தியபோது, தலைவர் வேறு வழியில்லாமல் சாவியைத் தேடினார். மேசை இழுப்பறையில் இல்லை. அலமாரியில் இல்லை. சாவி எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் தேடி முடிப்பதற்குள் குழந்தை பக்கத்திலிருந்த, கடையிலேயே விலை அதிகமான மெத்தையின் மேல் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டது.

மறுநாள் சுத்தியலால் பூட்டை உடைத்தார்கள். கழுவினார்கள், குழாய் போட்டார்கள். வெட்கமே இல்லாமல் மறுபடி ஒரு ரிப்பன் கட்டினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். "தாய்மார்களுக்காக இந்தக் கழிப்பறையைத் திறப்பது என்னுடைய நீண்டநாள் கனவு..."

கண்ணாடி அக்கா ரிப்பனைக் குனிந்து கடந்தாள்.

"நீங்க பேசிட்டிருங்கண்ணே. எனக்கு அவசரம்."

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கெட்டியான தாழ்ப்பாள். குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. இனி கடையை விட வேண்டியதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்தது. சந்தோஷம் பாதிதான். இதற்குப் போய் இவ்வளவு பாடா என்கிற ஆத்திரம் மீதி. வாயைப் பொத்திக்கொண்டு நன்றாக அழுதாள். வெளியே கனவு இன்னும் முடிந்தபாடில்லை.

கதவு தட்டப்பட்டது.

"உள்ள போனவ தூங்கிட்டியா? சீக்கிரம் வாம்மா, நாங்கள்லாம் நிக்கறோம்ல" என்றார் முதலாளியம்மா.