பாமிர் பூச்சிக்கு வைத்த ஹீட்டர்

செத்த வண்ணத்துப்பூச்சிக்கு ஹீட்டர் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? தொண்ணூறுகளில், லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில், என் அக்கா வீட்டில் அதுதான் நடந்தது. கணவர் விசா கிடைக்காமல் கொழும்பில் நிற்க, நான் கைக்குழந்தையோடு அங்கே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு, மத்திய ஆசிய மலைகளில் பிடித்த பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். அக்காவின் புருஷனுக்கு, அதாவது என் அத்தானுக்கு, அதில் விசர், அப்படியொரு பைத்தியம். பாமிர் மலையின் அப்பலோ என்ற இனம். வெள்ளைச் சிறகில் சிவப்புப் பொட்டுகள். முக்கோணமாக மடித்த தாளுக்குள் காய்ந்து வரும். ஈரப்பெட்டியில் இளக்கி, சிறகை விரித்து, ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவார். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அது ஈரம் ஊறிய பழைய வீடு. பூஞ்சணம் பிடித்துவிடுமாம், இருந்த ஒரே ஹீட்டரும் பூச்சிகளின் அறையில் எரிந்தது. பக்கத்து அறையில் என் மகளுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. அறையைச் சூடாக வைக்கச் சொன்னார் டொக்டர்.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "அத்தான், பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. ஹீட்டரைத் தாங்கோ."

"இந்த நாட்டுக் குளிருக்குப் பழகத்தானே வேணும். இன்னொரு சுவெட்டரைப் போட்டுவிடும்."

அக்கா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பிசைந்தாள். எனக்கு அவளில்தான் கூடுதல் கோபம். அந்த மனிதரோ கூச்சமில்லாமல் தன் பூச்சியின் பெருமையைத் தொடங்கினார்.

"கோடையிலையும் பனி கிடக்கிற உயரம். உடம்பெல்லாம் மயிர். கல்லிலை சிறகை விரிச்சு வெயில் காயும். குளிர் அதுக்கு ஒண்டும் செய்யாது."

கோதாரி பிடித்த பூச்சி! அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனதும் ஹீட்டரைத் தூக்கி மகளின் கட்டிலருகே வைத்தேன். பின்னேரம் வந்து குதித்தார். நான் கதவை மறித்து நின்றேன்.

"குளிர் ஒண்டும் செய்யாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? வேணுமெண்டால் என்னை மிதிச்சுக்கொண்டு போய் எடுங்கோ."

அவர் எடுக்கவில்லை. எடுத்தவளே திருப்பி வைக்கட்டும் என்று வீம்பு பிடித்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு பேசவுமில்லை.

மாசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக்குள் சாம்பல் நிறப் பூஞ்சணம். தூரிகையால் மெல்லத் தட்டினார். ஒரு சிறகு கழன்று விழுந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தினார்.

"எல்லாத்தையும் சாக்காட்டிப்போட்டீரே!"

மகள் என் இடுப்பில் இருந்து அந்தச் சிவப்புப் பொட்டுகளை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அவளுக்கு இழுப்பு நின்றிருந்தது.

"அதுகள் செத்துத்தான் இஞ்சை வந்ததுகள், அத்தான். நாங்கள்தான் உயிரோடை வந்தனாங்கள்."