இரண்டு முறை வயதுக்கு வந்தவள்

எங்கள் தெருவில் இரண்டு முறை வயதுக்கு வந்தவள் நான் ஒருத்திதான். முதல் முறை ஐந்தாம் வகுப்பில், யாருக்கும் தெரியாமல். இரண்டாம் முறை எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி.

முதல் முறை அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "உங்க அத்தைக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நாளைக்கே பரிசத் தட்டோட வந்து நிப்பா" என்றாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. நான் தொட்டிலில் கிடந்தபோதே தன் மகனுக்கு என்று சொல்லிவைத்தவள். அத்தை மகன் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தருபவன். தட்டோடு வந்தால் வரட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சிக்கல் என்னவென்றால், அத்தை தினமும் எங்கள் வீட்டுப் பட்டுத் தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரை நெய்ய நாடா போடுவாள். விலக்கான பெண்கள் மூன்று நாள் தறி அறைக்குள் நுழையக் கூடாது. நான் போகாவிட்டால் அத்தை கண்டுபிடித்துவிடுவாள். போனால் பட்டுக்கு ஆகாது. அம்மா வழக்கம்போல இரண்டு டீ டம்ளரை என் கையில் கொடுத்து, "போ" என்றாள்.

உள்ளே போனேன். தறியில் யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை. நான் டம்ளரை வைத்த நேரம் பார்த்துப் பாவில் ஓர் இழை அறுந்தது. எல்லாம் என்னால்தான் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அத்தை.

அப்பா நிமிரவில்லை. "இழைன்னா அறுந்துக்கினுதாம்மா இருக்கும். நீ போய் வெளையாடு" என்று முடிச்சுப் போட்டார். புடவை ஒரு குறையும் இல்லாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு மாதாமாதம் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டினாள். மாமன் சீர் எப்போது வரும் என்று நச்சரிப்பேன். மூன்று வருடம் கழித்து ஒருநாள், "நாளைக்கு நீ வயசுக்கு வர்ற" என்றாள். அத்தை மகனுக்கு முந்தின மாதம்தான் வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. மறுநாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் அம்மாவே பயந்துவிட்டாள்.

போன வருடம், இருபத்தாறு வயதில், கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயதுக்கு வந்த வயதை நர்ஸ் கேட்டார். பழக்கத்தில் பதின்மூன்று என்றேன்.

"பத்துன்னு எழுதிக்கோம்மா" என்றாள் அம்மா. "சீக்கிரமா உக்காந்துட்டா பிரசவத்துக்கு ஏதாவது ஆவுமா?"

"அதுக்காக பயப்பட வேணாம்மா. சின்ன வயசுல புள்ள பெத்தாதான் ரொம்ப கஷ்டம்."

"அது தெரியும்மா. நான் பதினொண்ணுல உக்காந்தேன். பதினஞ்சுல கட்டிக் குடுத்துட்டாங்க. மொதப் பொண்ணு ரெண்டு நாள்தான் இருந்துச்சு."

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே அன்றுதான் தெரியும்.

என் மகள் மூன்று கிலோ எடையில் சுகமாகப் பிறந்து, இப்போது அம்மாவின் மடியில் தூங்குகிறாள். பார்க்கப் பார்க்க நிறைவாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு களி தின்ற சிறுமிக்குத் தெரிந்ததெல்லாம், தனக்கு வரவேண்டிய சீரை அம்மா மூன்று வருடம் இழுத்தடித்தாள் என்பதுதான்.