என்னைக் கூப்பிடாத மலைக்கு

1928ஆம் ஆண்டு ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் இரவுப் புகையிரதத்தில் நானும் என் கணவரும் கண்டிக்குப் பயணமானோம். இரண்டு தகரப் பெட்டிகளும் ஒரு படுக்கைக் கட்டும் எங்கள் சாமான். என் கணவர் செல்லத்துரை ஊரில் ஆசிரியராக இருந்தவர். கண்டிக்கு அப்பால், மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் சில கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உபதேசியாராகப் போகும்படி ஆண்டவர் தம்மை அழைக்கிறார் என்று அவர் உறுதியாக நம்பினார்.

நானும் பயிற்சி பெற்ற ஆசிரியை. அடுத்த தை மாதம் முதல் எங்கள் ஊர்ப் பெண்பாடசாலைக்குத் தலைமை ஆசிரியையாக வரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். சிறுவயது முதல் நான் ஆசைப்பட்ட வேலை அது. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து ரயிலேறினேன்.

செவ்வாய் காலை பொல்காவலையில் இறங்கிக் கண்டி வண்டிக்கு மாறினோம். ரம்புக்கனையில் பின்னாலும் ஒரு எஞ்சினைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு ஏற்றந்தான். கடுகண்ணாவைப் பக்கம் வந்தபோது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம்; கீழே வயல்கள் படிப்படியாக இறங்கிக் கிடந்தன. பனையும் வெளியுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பச்சை மூச்சை அடைப்பதாக இருந்தது. பேராதனைச் சந்தியில் தேநீர் வாங்கித் தந்தபடி அவர் கேட்டார்:

"ரயிலேறினதிலையிருந்து நீர் ஒண்டும் கதைக்கேல்லையே?"

"என்னத்தைக் கதைக்கிறது? ஆண்டவர் உங்களைத்தான் கூப்பிட்டவர். என்னைக் கூப்பிடேல்லை."

பல மாதங்களாக மனதில் கிடந்த சொல் அது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் தேநீரைக் குடிக்காமலே கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

கண்டியில் எங்கள் சபைப் போதகர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். மாலையில் வாவிக்கரையில் நடந்தோம். அக்கரையில் தலதா மாளிகையின் பூசை மேளம் கேட்டது. வெள்ளை உடுத்த சிங்களப் பெண்கள் பூத்தட்டுகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நின்று, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் யோசிச்சுப் பார்த்தன். உம்மை இழுத்துக்கொண்டு போய் அங்கை வைச்சிட்டு, ஆண்டவற்றை வேலை செய்யிறன் எண்டு சொல்லுறது சரியில்லை. திரும்புவம். நாளைக்குப் போய், எங்களுக்கு இடம் தந்த தோட்டத்துத் துரைக்கு நேரை சொல்லிப்போட்டு வருவம். அதுதான் மரியாதை."

அவர் என்னில் கோபித்துச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இராச் சாப்பாட்டு மேசையில் போதகரின் மனைவி மடுல்கெல்லையைப் பற்றி ஆவலோடு கேட்டபோது, நான் கதிரையில் நெளிந்துகொண்டிருந்தேன்.

புதன் காலை மாத்தளை வண்டியேறி வத்துகாமத்தில் இறங்கினோம். அங்கிருந்து பன்விலை வழியாக மடுல்கெல்லைக்கு ஒன்பது மைல் இருக்கும்; பஸ்ஸுக்கு ஆளுக்கு நாற்பது சதம். சாரதி கண்டி முஸ்லிம். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பருத்தி உடுப்பைப் பார்த்துவிட்டு, "மேல குளிர் கூட மாஸ்டர், கம்பளி ஒண்டும் கொண்டு வரல்லியா?" என்று கேட்டார். "நாளைக்கே திரும்பிறம்" என்றார் என் கணவர். வளைவுகளில் பஸ் முனகி முனகி ஏறியது. பன்விலைக்குப் பிறகு வேறு பயிரே இல்லை, தேயிலைதான். அதற்கு மேலே நக்கிள்ஸ் மலை முகிலுக்குள் பாதி மறைந்து நின்றது.

பஸ் நின்ற இடத்துக்கு மேலே சின்ன வேதக்கோயிலும், அதை ஒட்டிய இரண்டு அறை வீடும் இருந்தன. அங்கே காத்திருந்தவர் கங்காணி ஆபிரகாம். தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர், கோயிலையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா, வாங்கம்மா. நாலு மாசமா கேக்க ஆளில்லாம கெடக்கோம்" என்றார்.

திரும்பப் போகிறோம் என்று அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. துரையின் பங்களா மேலே இரண்டு மைல். என் கணவர் உடனே புறப்பட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கங்காணி மறுபடி வந்தார். தலைப்பாகையைக் கையில் எடுத்திருந்தார்.

"அம்மா, லயத்துல ஒரு புள்ள விடியக்காலம் காய்ச்சல்ல செத்துப் போச்சு. ஐயா வர்றாருன்னுதான் வச்சிருக்கோம். வந்ததும் வராததுமா சொல்ல வேணாம்னு இருந்தேன், அதுக்குள்ள பங்களாவுக்குப் போயிட்டாரு. மழ கட்டுது. இன்னும் நேரமானா குழியில தண்ணி நெறஞ்சிரும்."

"நான் உபதேசியார் இல்லை" என்றேன்.

"தெரியுங்கம்மா. போன மாசம் ஒண்ணு செத்தப்ப, எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாம மண்ணப் போட்டேன். அதான் வந்தேன்."

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி அவர் பின்னால் இறங்கிப் போனேன். புதைகுழி தேயிலை முடிகிற சரிவில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதில் பாதிப்பேர் திருநீறு பூசியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். தாயின் பெயர் ஞானம்மா. கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போர்த்தும் கம்பளியில் பிள்ளையைச் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"இவ பேரு ரூத்துங்கம்மா. பேரச் சொல்லி ஒப்படைச்சிருங்க. அது போதும்."

என் ஜெபப் புத்தகம் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பயணம் முடிவானது முதல் நான் வாய்திறந்து ஜெபித்ததில்லை. ஆண்டவரோடு எனக்கு மனத்தாங்கல். இப்போது அத்தனை பேரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"ஆண்டவரே, இவள் ரூத். ஞானம்மாவின் பிள்ளை. இவளை உம்முடைய கையில் தருகிறோம். இந்தத் தாய்க்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை..."

அழுதேன். பிள்ளைக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று இன்றுவரை தெரியாது. ஆபிரகாம் "ஆமென்" என்று சொல்லி முடித்தார். மண் மூடிய பிறகு ஞானம்மா என் கையைப் பிடித்தாள்.

"நீங்க இங்கதானே இருப்பீங்க?"

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மழை பிடித்த பிறகுதான் என் கணவர் நனைந்து வந்து சேர்ந்தார். "சொல்லிப்போட்டன். துரை ஒண்டும் கோவிக்கேல்லை. வேறை ஆள் பார்க்கலாமெண்டார்" என்று துவாயால் தலையைத் துடைத்தார். அதன் பிறகும் துவாயை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, மழை விடத் திரும்பிப் போங்கோ. நாங்கள் இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ."

அவர் துவாயை இறக்கி என்னைப் பார்த்தார். "எனக்காகவெண்டால் வேண்டாம்."

"உங்களுக்காக இல்லை. ஒரு தாய் என்னட்டை ஒண்டு கேட்டவ. நான் மறுமொழி சொல்லேல்லை."

அவர் மழை விடும்வரை காத்திருக்கவில்லை.

வியாழன் காலை ஞானம்மாவைத் தேடி லயத்துக்குப் போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. எங்கள் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை உறவுகள் சூழ்ந்திருந்து, அடுப்படிப் பக்கம்கூடப் போக விடமாட்டார்கள். இவள் மலையில் கொழுந்து பறிக்கும் நிரையில் நின்றாள், முதுகில் கூடையோடு. போர்த்தக் கம்பளி இல்லை. வழியில் நின்று கூப்பிட்டுச் சொன்னேன்:

"ஞானம்மா, நாங்கள் இங்கைதான் இருக்கப்போறம்."

அவள் தலையசைத்தாள். கை கொழுந்து பறிப்பதை நிறுத்தவில்லை.

அந்த மலையில் பல வருஷம் இருந்தோம். ஊர்ப் பாடசாலையை வேறொருவர் நன்றாக நடத்தினார். இழந்ததற்கு ஈடாக ஆண்டவர் என்ன தந்தார் என்று சாட்சி சொல்லும்படி கூட்டங்களில் என்னைக் கேட்பதுண்டு. ஈடென்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. தை மாதம் பாடசாலை தொடங்கும் நாளில் ஒவ்வொரு வருஷமும் நெஞ்சு வலித்தது. வலியோடுதான் வாளியை எடுத்துக்கொண்டு மலைநீர் விழும் பீலிக்குத் தண்ணீருக்குப் போவேன். அங்கே நிற்கும் பெண்கள், "வாங்கம்மா" என்று எனக்கு இடம் விடுவார்கள்.